காத்திருப்பின் அறம்

மக்கட்பேற்றுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார் வள்ளுவர். பெற்ற பிள்ளையைப் பேணும் இன்பத்தை நம் இலக்கியங்கள் வாயாரப் பேசியுள்ளன. பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாகக் கொள்ளும் நெஞ்சத்தையும் தமிழ்மரபு அறியும். துளசிச் செடியருகே கண்டெடுத்த பெண்மகவைப் பெரியாழ்வார் வளர்த்தார் என்பர், அம்மகவே ஆண்டாள். அங்கே விண்ணப்பம் இல்லை, விசாரணை இல்லை, காத்திருப்பும் இல்லை. கண்டதும் எடுத்தார், எடுத்ததும் தந்தையானார்.

இன்றோ, பிற நாட்டுக் குழந்தை ஒன்றைத் தத்தெடுக்க விழைவோர் பல திங்கள், சிலபோது பல ஆண்டுகள் காத்திருக்க நேர்கிறது. அன்பு செலுத்த ஓர் இல்லம் ஆயத்தமாய் இருக்கிறது. அன்பை வேண்டி ஒரு குழந்தை ஏங்குகிறது. இடையே காகிதங்கள் நிற்பது அறமாகுமா? இக்கேள்வியைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

இத்தாலியில் ஒரு கணவனும் மனைவியும் இந்தியக் குழந்தை ஒன்றை எதிர்நோக்கி இருக்கிறார்கள் என்று கொள்வோம். சமூகப் பணியாளர் வந்து அவர்தம் உடல்நலம், வருவாய், இல்லற ஒற்றுமை அனைத்தையும் விசாரித்து அறிக்கை எழுதிச் சென்றுவிட்டார். நெடுநாள் கழித்துக் குழந்தையின் ஒளிப்படமும் மருத்துவ அறிக்கையும் வருகின்றன. அன்று முதல் அவ்வீட்டின் நாழிகையே மாறிவிடுகிறது. காலைக் காப்பியின்போது, "இந்தியாவில் நண்பகல் ஆகியிருக்கும், குழந்தை உண்டிருக்குமா?" என்று பேச்சு எழுகிறது. படத்தைப் பார்த்து வாங்கிய சட்டை அலமாரியில் இருக்கும்போதே சிறிதாகிவிடுகிறது. முதற்பல்லும் முதலடியும் முதற்சொல்லும் அவர்கள் காணாமலே நிகழ்ந்து முடிகின்றன. மூத்த பிள்ளை இருப்பின், "தங்கை என்று வருவாள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. கருவுற்றவளுக்குப் பத்துத் திங்கள் என்னும் எல்லையேனும் உண்டு. இவர்களுக்கு அதுவும் இல்லை.

இத்துயர் நமக்கு முற்றிலும் புதிதன்று. மாற்றல் உத்தரவுக்கும் அரசுக் குடியிருப்புக்கும் காத்துப் பழகியவர்கள் நாம். குடும்பத்தை ஊரில் விட்டுத் தலைநகரில் தனித்திருந்த நாளில், பிள்ளை நடக்கத் தொடங்கிய செய்தியைக் கடிதத்தில் படித்து மகிழ்ந்தவர்களும் நம்மிடையே உண்டு.

ஆயினும், அந்த ஒளிப்படத்தில் காணப்படாத ஒருத்தி இருக்கிறாள். அவள் பெற்றவள். வறுமையாலோ ஊராரின் பழிக்கு அஞ்சியோ குழந்தையை ஒப்படைத்தவள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், மனம் மாறித் தன் மகவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அவளுக்கு இரண்டு திங்கள் தவணை தருகிறது. கைவிடப்பட்ட குழந்தையாயின், பெற்றோரைத் தேடிக் கண்டறிய முயன்ற பின்னரே அதனைத் தத்துக்கு உரியதாக அறிவிக்க இயலும். உள்நாட்டிலேயே ஓர் இல்லம் கிடைக்குமா என்பதும் முதலில் பார்க்கப்பட வேண்டும். இத்தனையும் ஒளிப்படம் கடல் கடக்கும் முன்னரே நிகழ வேண்டியவை.

யசோதையின் பேற்றைப் பாடிக் களித்த நம் மரபிலே, குலசேகர ஆழ்வார் தேவகியாகவே நின்று புலம்பினார். ஒரு தாயின் பேறு மற்றொரு தாயின் இழப்பிலிருந்து வந்தது என்பதை அவர் மறக்கவில்லை. அந்த இரண்டு திங்களும் தேவகிக்கு உரியவை. அவற்றைக் குறைக்க யசோதைக்கும் உரிமை இல்லை.

இதனை மறந்ததால் விளைந்த தீங்கு சிறிதன்று. தென் கொரியாவிலிருந்து பல்லாண்டுகள் குழந்தைகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். பெற்றோர் இருந்தும் அநாதைகள் என்று பதிவுகள் திரிக்கப்பட்டதை அந்நாட்டு உண்மை ஆணையமே 2025இல் எடுத்துரைத்தது. நம் நாட்டில், வழக்கறிஞர் ஒருவர் 1982இல் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, நீதிபதி பகவதி 1984இல் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகள் வகுத்தார். 1993இல் உருவான ஹேக் உடன்படிக்கை, குழந்தை பிறந்த பின்னரே தாயின் இசைவு பெறப்பட வேண்டும் என்றும், அவ்விசைவு பணத்தால் பெறப்படலாகாது என்றும் விதித்தது. இந்தியா 2003இல் அதனை ஏற்றது.

எனினும், எல்லாத் தாமதமும் அறமாகிவிடாது. கோப்புகளோடு வாழும் நாம் இதனை நன்கறிவோம். விசாரணைக்காக நிற்கும் கோப்பு வேறு. மேசையில் உறங்கும் கோப்பு வேறு. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒளிப்படம் சென்று சேர்ந்த பிறகு தடையின்மைச் சான்று, தத்து ஆணை, கடவுச்சீட்டு என்று படிகள் பல உள்ளன. அவையும் தேவையானவையே. ஆனால் அங்கு வீணாகும் ஒவ்வொரு நாளும் தேவகிக்குப் பயன்படுவதில்லை. குழந்தையின் நாளே கரைகிறது. ஆணை வழங்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றிய 2021ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தாமதத்தைக் கருதியே எழுந்தது. சட்டம் வழியைக் குறுக்கலாம். கோப்பை நகர்த்த வேண்டியது மனிதனின் கை. எண்ணிடப்பட்ட அட்டைக்குள் ஒரு மழலை இருக்கிறது என்பதை அக்கை உணர வேண்டும்.

ஆகவே, காத்திருப்பில் ஒரு பகுதி கடமை; ஒரு பகுதி கொடுமை. முன்னதைப் பொறுப்பதும் பின்னதைப் பொறாமையும் ஆகிய இரண்டுமே அறமாகும்.

தலைநகரில் பிறந்த நம் பிள்ளைகள், "நம் ஊர் எது?" என்று கேட்கும்போது நாம் ஓர் ஊரின் பெயரையும் பாட்டனார் பெயரையும் சொல்கிறோம். கடல் கடந்து வளரும் அக்குழந்தையும் ஒருநாள் அதே வினாவைக் கேட்கும். அன்று அதன் கையில் வளர்த்தோர் வைக்கக்கூடியது அந்தக் கோப்பு ஒன்றே. அதில் எழுதப்பட்டவை மெய்யாக இருத்தல் வேண்டும். அதற்காகச் சில திங்கள் தொட்டில் வெறுமையாய் இருப்பினும் தகும்.