பெயரற்றவன் வனைந்த கலம்

ஒரு படைப்பின் பெருமை படைத்தவனது பெயரிலே தங்கியுள்ளதா, அன்றி அது ஆற்றும் பயனிலே தங்கியுள்ளதா? இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவைத் தம் வாழ்க்கையாலேயே எழுப்பியவர் ஆங்கிலேயக் குயவரான பேர்ணாட் லீச் (1887–1979).

ஹொங்கொங்கிலே பிறந்த லீச், ஓவியராக 1909இல் யப்பான் சென்று, அங்கு மட்கலக் கலையால் ஈர்க்கப்பட்டார். 1920இல் நண்பர் ஹமடா ஷோஜியுடன் இங்கிலாந்தின் சென் ஐவ்ஸ் நகரிலே சூளை அமைத்தார். யப்பானியச் சிந்தனையாளரான யனகி சோயெட்சுவின் கொள்கை இவ்விருவரையும் ஆட்கொண்டிருந்தது. பெயரறியாக் கைவினைஞன் தன்முனைப்பின்றி அன்றாடத் தேவைக்கென ஆக்கிய கலத்திலேயே உண்மையழகு உறைகின்றது என்பதே அக்கொள்கை.

கொள்கை உயர்ந்ததே. ஆயினும், அது நடைமுறையில் எவ்வாறு அமைந்தது என்பது சிந்திக்கற்பாலது. லீச் தாமே வனைந்த கலங்கள் அவரது முத்திரையைத் தாங்கின. பயிலுநரும் தொழிலாளரும் வனைந்த தட்டுகளும் சாடிகளும் பட்டறையின் முத்திரையை மட்டுமே தாங்கின. ஹமடாவோ பிற்காலத்தில் தம் கலங்களில் ஒப்பமிடுவதைத் தவிர்த்தார். ஆனால், அவற்றை வைக்கும் மரப்பெட்டிகளில் அவரது கையொப்பம் இருந்தது. துறந்த பெயர் பெட்டியிலே குடியேறிற்று!

யனகி போற்றிய கொரியக் கிண்ணமொன்று இதனினும் ஆழ்ந்த உண்மையை உணர்த்துகின்றது. ஏழை மக்களின் சாதாரணக் கிண்ணமென அவர் கருதிய அது இன்று யப்பானின் தேசியச் செல்வம். அதன் பெயர் கிசாயெமொன். அது வனைந்தவனின் பெயரன்று; ஒருகாலத்தில் அதனை உடைமையாகக் கொண்டிருந்த வணிகனின் பெயர். உழைத்தவன் மறைந்தான், உடையவன் நிலைத்தான்.

பெயரைத் துறத்தல் அறமாகலாம். பெயர் மறுக்கப்படுதல் அறமாகாது. முன்னையது பெயருடையோர்க்கே இயல்வது. பின்னையது வறியோர்மேல் சுமத்தப்படுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, பெயரற்ற உழைப்பாளியின் அடக்கத்தைப் பாராட்டுவோர், அவன் அதனை விரும்பித் தேர்ந்தானா என வினவுவதில்லை.

எனவே, பெயர் வேண்டுமா வேண்டாவா என்பதன்று வினா. அது எதற்குப் பயன்படுகின்றது என்பதே வினா. விலையை உயர்த்துதற்கு இடும் பெயர் வெறும் வணிகக் குறி. 'இக்கலம் ஒழுகின் அதற்கு யானே பொறுப்பு' என உரைக்கும் பெயரோ அறத்தின் பாற்பட்டது. அத்தகைய பெயரைப் பொறிக்கும் உரிமை லீச்சுக்கு இருந்ததுபோல அந்தக் கொரியக் குயவனுக்கும் இருந்திருத்தல் வேண்டும்.