அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்



பூசை நேரத்தில் பராக்கு அதிகம், ஜெபமாலையில் பாதி எங்கே போயிற்றென்றே தெரிவதில்லை என்று உங்களில் அநேகர் முறையிடுகிறீர்கள். அந்தப் பராக்கு எங்கிருந்து வருகிறதென்று விசாரித்ததுண்டா? திருப்பிக் கொடுக்காத கைமாற்று, ஊரிலிருக்கும் தாய்க்கு அனுப்பவேண்டிய பணம், தம்பியோடு தீராத மனத்தாங்கல் ஆகிய இவையெல்லாம் "அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்" என்று நாமே மூலையில் ஒதுக்கியவை. ஒதுக்கியது சும்மா இருக்குமா? நாம் முழந்தாளிட்டவுடன் ஒவ்வொன்றாய் எழுந்து வருகிறது.

இதற்கு அர்ச். இஞ்ஞாசியார் ஒரு வைத்தியம் சொல்கிறார். 1548-ம் ஆண்டு பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் அங்கீகரித்த அவருடைய ஞானப் பயிற்சிகள் என்னும் நூலில் அது இருக்கிறது. எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் ஒழிக்கப் புறப்படாமல், ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்தவுடன், இன்று அதில் விழமாட்டேன் என்று தீர்மானிக்க வேண்டும். தவறி விழுந்தால் அந்தக் கணமே நெஞ்சில் கைவைத்து மனஸ்தாபப்பட வேண்டும். பக்கத்திலிருப்பவருக்குக்கூட அது தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒருதரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒருதரம் மணி மணியாய்க் கணக்குப் பார்த்து, விழுந்த தடவை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இன்றைய புள்ளிகளை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். கல்லாவை எண்ணாமல் கடையைப் பூட்டும் வியாபாரி உண்டா? ஆத்துமத்துக்கும் அந்தக் கணக்கு வேண்டாமா?

இந்த வாரம் "அப்புறம்" என்கிற அந்த ஒரே குறையை எடுத்துக் கொள்வோம். இன்று செய்யக்கூடியதைக் காரணமின்றித் தள்ளிப்போட்டால் ஒரு புள்ளி. ஒரு நிமிஷமென்று கைப்பேசியை எடுத்து அரைமணி போயிற்றா? அதற்கும் ஒரு புள்ளி. அடுப்படி நாட்காட்டியின் ஓரம் போதும். ஆனால் ஒன்று கவனியுங்கள்: இன்று முடியவே முடியாத காரியம் குற்றமாகாது. மழைக்குக் காத்திருக்கும் உழவன் சோம்பேறியல்லவே! அதைச் சர்வேசுரன் கையில் ஒப்புவித்துவிட்டு நிம்மதியாய் நித்திரை செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்பீர்கள். காணிக்கையைப் பீடத்தண்டை விட்டுவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி நம் ஆண்டவரே படிப்பித்தார். பூசைக்குக்கூட அவர் அதைப் பின்னால் தள்ளவில்லை. பேசிக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம் என்றிருந்த அண்ணன், தம்பியின் பெட்டியண்டை வந்து அழுவதை நம் கல்லறைத் தோட்டத்தில் எத்தனைதரம் கண்டிருக்கிறோம்! "இன்று" மட்டுமே நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு புள்ளிகள் குறைந்திருந்தால் தேவமாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லி நன்றி செலுத்துங்கள். கூடியிருந்தால் சலிக்காமல் திங்கட்கிழமை காலையில் மறுபடி தொடங்குங்கள்.

உங்களுக்காக மன்றாடும்,
பங்குக் குருவானவர்