பெட்டிக்குள் ஒரு கம்பளி



வன்னி வெயிலில் இருந்துகொண்டு கம்பளியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில் மலையகத்து மக்கள் குடியேறி வாழ்கிறார்கள். அங்கே வயதான ஒருவரின் றங்குப்பெட்டியின் அடியில் பழைய கம்பளி ஒன்று மடிந்து கிடந்தால் வியப்படைய வேண்டாம்.

தேயிலை மலையில் கம்பளி ஆடம்பரமல்ல. நுவரெலியா 6,000 அடிக்கு மேற்பட்ட உயரம். விடியற்காலைப் பனியிலும் மழையிலும் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணுக்கு அதுவே குடை, அதுவே சட்டை. இரவில் லயத்து அறையில் பிள்ளைகளுக்கு அதுவே போர்வை. 1977 ஆகஸ்ட் வன்செயலின் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்கள் அகப்பட்டதை அள்ளிக்கொண்டுதான் வந்தன. மூட்டை கட்டவும் கம்பளிதான் உதவியிருக்கும்.

இன்று வீட்டைத் துப்புரவாக்கும் பேரப்பிள்ளை, "இந்த வெக்கைக்கு இது எதற்குப் பாட்டி? யாருக்காவது கொடுத்துவிடலாமே" என்கிறது. நியாயமான பேச்சுத்தான். பெட்டிக்குள் பூச்சி அரிக்கும் துணி எவரையும் போர்த்துவதில்லை. நாமும் நம் பங்குக்கு, பற்றை விடுங்கள் என்று புத்தி சொல்லிவிடுகிறோம். யாருக்குச் சொல்கிறோம் என்று எண்ணிப் பார்த்தோமா?

விடுவது வேறு, பறிகொடுப்பது வேறு. 1977இல் வீடும் வேலையும் போயின. 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்குப் போனபோது மிஞ்சியதும் போயிற்று. எதையும் தம் கையால் விட இவர்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இத்தனையையும் தாண்டி ஒரு கம்பளி தப்பியிருந்தால், அதையும் நாம் போய்ப் பிடுங்குவதா?

மயிலுக்குப் போர்வை அளித்த பேகனைப் பாடசாலையில் படித்தோம். மயிலுக்குக் குளிருமா என்ற விவாதம் கிடக்கட்டும். போர்வையும் பேகனுடையது, கொடுத்த கையும் பேகனுடையது.

4ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள அமியான் நகர வாயிலில், உரோமைப் படைவீரராயிருந்த புனித மார்ட்டின் குளிரில் நடுங்கிய ஏழை ஒருவருக்குத் தம் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது மரபு. பாதியைத்தான்! மறுபாதியை அவரே போர்த்திக்கொண்டார். அந்த அங்கியைப் பிற்காலத்தில் பிராங்கு அரசர்கள் திருப்பண்டமாகப் பேணினார்கள். அங்கியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்தே சிற்றாலயத்தைக் குறிக்கும் 'சப்பல்' என்ற சொல்லும் பிறந்தது. பழந்துணி ஒன்றை இப்படிக் கொண்டாடியவர்களின் வழிவந்த நாம் ஒரு பாட்டியின் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கலாமா?

ஏழையின் மேலாடையை ஈடாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கும்படி விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. கடன் கொடுத்தவனுக்கே அதன்மேல் ஓர் இரவு உரிமை இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இதனால் கம்பளி பெட்டியிலேயே கிடக்கட்டும் என்பதல்ல. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலையொட்டி வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதற்குத் தப்பவில்லை. அப்படியான ஓர் இரவில் பக்கத்து வீட்டுப் பச்சைக்குழந்தை நடுங்கினால், பாட்டியிடம் போய்ச் சொல்லுங்கள். பற்றை விடும்படி சொல்ல வேண்டாம். குழந்தை நடுங்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள். பெட்டியின் திறப்பு அவருடைய முந்தானையில்தான் இருக்கிறது.