இயற்கைக்கு மாறா? இரக்கத்திற்கு மாறா?

ஆட்டின் கருவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கலாமா என்று கேட்டால், "ஆகாது! ஆண்டவன் வகுத்த வழிக்கு அது அடுக்காது!" என்று பதறுவோர் இன்றும் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்வோம். 18ஆம் நூற்றாண்டிலே, பெண் நாயொன்றுக்குச் செயற்கை முறையில் விந்து செலுத்திக் குட்டிகள் ஈனச் செய்து காட்டியவர் இத்தாலி நாட்டு ஸ்பலன்சானி. அவர் நாத்திகரல்லர், தோழர்களே, கத்தோலிக்கப் பாதிரியார்! பாதிரியார் செய்தால் ஆராய்ச்சி, மற்றவர் செய்தால் மாபாவமோ? பொலிகிடாய் ஒன்றை மட்டும் மந்தையிலே விட்டு, மற்றவற்றுக்குக் காயடித்தானே இடையன், அன்றே ஆட்டின் பிறப்பில் மனிதன் கை புகுந்துவிட்டது. இயற்கைக்கு மாறு எனும் வழக்கு அன்றே தள்ளுபடி!

ஆனால், அந்த வழக்கு தள்ளுபடியானதும் நாம் கைதட்டிக் கலைந்து விடுகிறோமே, அதுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது. ஆண்டவனிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை, சரி. ஆட்டினிடம்?

ஸ்பெயின் நாட்டின் பிரனீஸ் மலையிலே புகார்டோ எனும் காட்டாடு வாழ்ந்தது. வேட்டையாடி வேட்டையாடி அதனை அருக வைத்தான் மனிதன். எஞ்சியது ஒரே பெட்டை. செலியா என்று பெயர். 1999இல் அதனைப் பிடித்துத் தோலிலிருந்து சிறிது திசு எடுத்து, உறைகுளிரில் காத்தனர். 2000ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், சாய்ந்த மரத்தடியில் அது செத்துக் கிடந்தது. இனம் முடிந்தது.

அறிவியலார் விட்டாரில்லை. நாட்டு வெள்ளாடுகளின் கருமுட்டையிலிருந்து உட்கருவை நீக்கினர். செலியாவின் உயிரணுவை அதனுள் சேர்த்தனர். வளர்ந்த கருக்களை வாடகைத் தாயாடுகளின் வயிற்றிலே வைத்தனர். 57 முறை வைத்தும் சினையானவை ஏழே. அவற்றிலும் ஆறு கலைந்தன. 2003ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள், தாயின் வயிற்றைக் கிழித்து ஒரு குட்டியை எடுத்தனர். நுரையீரல் பழுதுற்றிருந்தது. மூச்சுக்குத் திணறித் திணறிச் சில நிமிடங்களில் அது மடிந்தது. பிழைத்திருந்தால்தான் என்ன? அதற்கு இணையாக ஓர் ஆண் புகார்டோ உலகில் எங்கும் இல்லை!

கடன்பட்டவன் மனிதன், வட்டி கட்டியவை ஆடுகள்.

எல்லா முறைகளையும் ஒரே தராசில் நிறுத்துகிறோம் என்று எண்ண வேண்டாம். செயற்கைக் கருவூட்டல் நொடிப்பொழுதில் முடிவது. ஏழை வளர்ப்போனுக்கு நல்ல கிடாயின் வழியைக் கொண்டு தருவது. ஒரே கிடாயின் வழியையே ஊரெல்லாம் பரப்பி மந்தையை நலியச் செய்யாத வரையில், அதனை வரவேற்கிறோம். கரு மாற்று முறையோ வேறு. ஊசிமேல் ஊசி போட்டு முட்டைகளைப் பெருக்க வேண்டும். பலவேளை மயக்கி, வயிற்றைத் திறந்து கருவை எடுக்க வேண்டும். மீண்டும் மீண்டும் கத்தி பட்டால், உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈயாத ஆடு பிறகு எங்கே போகுமென்று சொல்லவும் வேண்டுமோ?

"அறுத்துத் தின்கிறோமே, அதைவிடவா கொடுமை?" என்று நம் இளைஞரே கேட்பர். கூர்மையான கேள்விதான். ஆனால், ஒரு கொடுமை வழக்கத்தில் இருப்பதால் இன்னொன்றும் நியாயம் என்பது எவருடைய வாதம்? "தொன்றுதொட்டு நடப்பது" என்று சொல்லித்தானே நம்மை வாயடைக்கப் பார்த்தனர்! அந்த வாதத்தை வீதியிலே சுட்டெரித்துவிட்டு, ஆய்வுக்கூடத்து வாயிலில் அதற்கே மாலை சூட்டலாமா?

ஆகவே நாம் கேட்பது இது. சோதனை தொடங்குமுன்னரே எழுதி வையுங்கள்: எத்தனை ஆடுகள்? ஒவ்வோர் ஆட்டின் மீதும் எத்தனை முறை கத்தி? எத்தனையாவது தோல்வியில் நிறுத்துவீர்கள்? பெறப்போகும் பயன் யாருக்கு? ஐம்பத்தேழாவது முறைக்குப் பிறகல்ல, முதல் ஊசிக்கு முன்னரே அந்தத் தாளை எங்களிடம் காட்டுங்கள்.