பெற்ற பெயரின் கடன்

அதிபர் பதவியிலிருந்து இறங்கியபின், சாதாரண உறுப்பினராக அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒரே ஒருவர்தான். 1830இல் மாசசூசெட்ஸின் பிளைமவுத் தொகுதியில் ஜான் குவின்சி ஆடம்ஸ் வென்றபோது அவருக்கு 63 வயது. மனைவிக்கு அதில் விருப்பமில்லை. மகனோ, குடும்பத்தின் மதிப்புக்கு அது குறைவு என்று வருந்தினார். அவர் கேட்கவில்லை.

நாட்டின் இரண்டாவது அதிபர் ஜான் ஆடம்ஸின் மகன் அவர். பத்து வயதில் தந்தையுடன் பிரான்சுக்குக் கப்பலேறியவர். பதினான்கு வயதிலேயே ரஷ்யாவுக்குப் போன தூதரின் செயலாளர். கதவுகள் தாமாகத் திறந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் செனட்டுக்குப் போனபின், தந்தையைத் தேர்தலில் தோற்கடித்த ஜெபர்சன் 1807இல் கொண்டுவந்த வணிகத் தடையை, நாட்டுக்குத் தேவை என்று நம்பி ஆதரித்தார். கட்சி கைவிட்டது. மாநிலச் சட்டமன்றம் அவர் இடத்துக்கு முன்கூட்டியே வேறொருவரைத் தேர்ந்தெடுத்தது. 1808இல் பதவி விலகினார்.

அவரிடமும் பெரிய குறை ஒன்று இருந்தது. அடிமைமுறையை அவர் வெறுத்தார். நாட்குறிப்பில் அதைக் கடுமையாக எழுதினார். ஆனால் வெளியுறவு அமைச்சராகவும் பின்பு அதிபராகவும் இருந்த காலத்தில் பொதுவில் அதை எதிர்த்துக் குரல் கொடுக்கவில்லை. ஏற வேண்டிய படி மேலே இருந்தவரை வாய் மூடியே இருந்தது. வீட்டிலும் அந்தக் குடும்பப் பெயர் இரக்கம் காட்டவில்லை. வகுப்பில் முன்னிலைக்கு வராத மகனை விடுமுறைக்கு வீட்டுக்கு வர வேண்டாம் என்று எழுதிய தந்தை அவர். மூத்த மகன் 1829இல் நீரில் மூழ்கி இறந்தார், அடுத்தவரும் 1834இல் இறந்தார். பெருமையைக் காப்பாற்றும் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவைக்கும் வீடுகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1828 தேர்தலில் ஜாக்சனிடம் தோற்றபின் ஏறுவதற்குப் படி எதுவும் மிச்சமில்லை. உண்மையான மக்கள் பிரதிநிதியாக அவர் ஆனது அப்போதுதான் என்பேன். அடிமைமுறையை ஒழிக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுக்கள் சபைக்கு வந்துகொண்டிருந்தன. வாக்குரிமையே இல்லாத பெண்கள் பலரும் கையெழுத்திட்டிருந்தார்கள். அவற்றைப் படிக்கவோ விவாதிக்கவோ கூடாது, அப்படியே ஓரம் வைத்துவிட வேண்டும் என்று 1836இல் சபை ஒரு விதி செய்தது. அரசியலமைப்பை மீறும் விதி இது என்று ஆடம்ஸ் எழுந்து முழங்கினார். அதன்பின் மனுவோடு எழுந்துகொண்டே இருந்தார். கூச்சலிட்டு உட்கார வைத்தார்கள், மறுபடி எழுந்தார். 1837இல், அடிமைகளே அனுப்பியதாகச் சொல்லப்படும் மனுவைச் சபை ஏற்குமா என்று சபாநாயகரிடம் கேட்டபோது அவையே கொந்தளித்தது. பெண்களுக்கு மனுக் கொடுக்க உரிமை உண்டு என்று 1838இல் நாள்கணக்கில் வாதாடினார்.

1842இல் மாநிலங்களின் ஐக்கியத்தையே கலைக்கக் கோரும் ஒரு மனுவை அவர் சபையில் வைத்தார். அந்தக் கோரிக்கையில் அவருக்கு உடன்பாடில்லை. மனுவுக்குச் செவி கொடுக்க வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. அவர் மீது கண்டனத் தீர்மானம் வந்தது. 74 வயதில் ஏறக்குறைய இரண்டு வாரம் தனக்காகத் தானே வாதாடினார். தீர்மானம் 106க்கு 93 என்ற வாக்கில் கிடப்பில் போடப்பட்டது. சில வாரங்களிலேயே, இதே அணியில் நின்ற ஒஹையோவின் ஜோஷுவா கிடிங்ஸ் மீது கண்டனம் நிறைவேறியது. முன்னாள் அதிபர், அதிபரின் மகன் என்ற கவசம் கிடிங்ஸுக்கு இல்லை. ஆடம்ஸுக்கு இருந்தது. அந்தக் கவசத்தை அவர் தன் வீட்டுக்காகவோ அடுத்த பதவிக்காகவோ அணியவில்லை. பெயரே பதிவாகாத மனிதர்களின் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். தந்தை தேடிவைத்த பெயருக்கு இதைவிட நேர்மையான செலவு எனக்குத் தெரியவில்லை.

1844 டிசம்பர் 3 அன்று அந்த விதி 108க்கு 80 என்ற வாக்கில் நீக்கப்பட்டது. 1848 பிப்ரவரியில் சபையில் தன் இருக்கையிலேயே மயங்கிச் சரிந்தவர், இரண்டு நாளில் அதே கட்டடத்தில் உயிர்விட்டார்.

பெரிய வீட்டுப் பெயரோடு சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போகிற இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த விதி நீடித்த எட்டு ஆண்டுகளின் அவைக் குறிப்புகளை ஒரு முறையாவது படியுங்கள்.