உத்தி பிரிக்கும் நீதி

பள்ளித் திடலிலே சடுகுடு தொடங்கப் போகிறது. முதலில் அணி பிரிக்க வேண்டும். தலைவர் இருவர் நிற்கின்றனர். மற்றச் சிறுவர், வலிமையில் ஒத்தவர் இருவர் இருவராய் இணைந்து, சற்றே விலகிச் சென்று, காதோடு காதாகப் பேசி, ஆளுக்கொரு புனைபெயர் சூட்டிக் கொள்கின்றனர். தோள்மேல் கைபோட்டுத் திரும்பி வந்து கேட்கின்றனர்: "சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?" தலைவன் ஒன்றைச் சொல்கிறான். சூரியன் இந்தப் பக்கம். சந்திரன் அந்தப் பக்கம். இதுவே உத்தி பிரித்தல்.

விளையாட்டுத்தானே என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. எது நேர்மையான பங்கீடு என்பது அறிஞர் பலரை அலைக்கழித்த கேள்வி. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ், 1971-இல் வெளியிட்ட தம் நூலிலே ஒரு விடை தந்தார். தாம் எந்தக் குடியிற் பிறப்போம், எவ்வளவு செல்வம் பெறுவோம் என்பதை அறியாத நிலையில் மக்கள் கூடி வகுக்கும் விதியே நீதியான விதி என்றார். அந்நிலையை 'அறியாமைத் திரை' என்றழைத்தார். அவர் மறைக்கச் சொன்னது தன்னைப் பற்றிய அறிவை. நம் சிறுவர் மறைப்பது பிறனைப் பற்றிய அறிவை. எனினும் வேர் ஒன்றே: பிறப்பைப் பார்த்துத் தீர்ப்பெழுதாதே!

ஆட்டத்தையும் பாருங்கள். தொட்டால் தீட்டு என்பது தெருவின் சட்டம். தொட்டால்தான் ஆட்டம் என்பது திடலின் சட்டம். பாடி வருபவனைக் கட்டிப் பிடிக்காமல் சடுகுடு ஏது? தோற்று வெளியேறியவனும் என்றென்றைக்கும் வெளியேறியவன் அல்லன்; தோழர் புள்ளி பெற்றால் மீண்டும் உள்ளே வருகிறான். ஒருமுறை தள்ளியவரைத் தலைமுறைதோறும் தள்ளிவைத்த சாத்திரத்தைவிட இந்தச் சிறுவர் விதி மேலானது அல்லவா?

அப்படியானால் திடலிலே சாதி செத்துவிட்டதா? இல்லை. தெருவுக்கொரு அணி கட்டினால், உத்திக்கு அங்கே வேலையில்லை. பெண்பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்துச் சட்டைகளுக்குக் காவல் வைத்தால், பாதி மனித இனம் ஆட்டத்திலேயே இல்லை. ஆட்டம் முடிந்து, தண்ணீர்க் குடத்தருகே ஒருவன் மட்டும் கையேந்தி நின்றால், திடலின் நீதி கோட்டோடு நின்றுவிட்டது.

1950-இல் நடப்புக்கு வந்த அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்றது. ஏட்டிலே உள்ள இவ்விரண்டையும் இணைத்து நாட்டிலே காட்ட வேண்டியவர் யார்? ஆசிரியரும், கோடை முகாம் நடத்தும் இளைஞருமே.

தோழர்களே! உத்தி பிரித்தே அணி சேருங்கள். பெண்ணையும் தலைவியாக்குங்கள். ஆடியவர் அனைவரும் ஒரே குடத்து நீரை ஒரே குவளையில் பருகட்டும்.

"சூரியனா, சந்திரனா?" என்று கேட்டது குழந்தை. "நீ எந்தத் தெரு?" என்று கேட்கப் பழக்கியவர் பெரியவர்களாகிய நாம். அந்தக் கேள்வியைத் திரும்பப் பெறும் கடமையும் நம்முடையதே.