அவனுக்கு இது போதுமா?

எங்கள் ஆலயத்து ஞாயிறு சமய வகுப்பில் சிவபுராணம் நடக்கிறது. மொத்தம் 95 அடி. ஒரு மாணவி முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டாள். தேசியப் பள்ளியில் படிக்கும் ஒரு பையனுக்கோ தமிழ் எழுத்தே தகராறு. ஆனால் அவன் தோரணம் கட்டினால் கண்ணெடுக்க முடியாது.

"அவனுக்கு அது போதும்க்கா, விடுங்க" என்கிறார்கள் சக தொண்டர்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் 'போதும்' என்று முடிவு செய்ய நாம் யார்? பிள்ளைக்கேற்ற வழி தேடுகிறோம் என்ற பேரில் சிவபுராணத்தையே அவனிடமிருந்து எடுத்துவிடுகிறோமே!

ரூமியில் எழுதிக் கொடுத்தால் ல, ள, ழ மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். அதனால் காதால் கேட்டுப் பாட வைக்கிறேன், வாரத்துக்கு 5 அடி. மனப்பாடம் செய்தவள்தான் முன்னே பாடுகிறாள். அவளுக்கும் வேலை வேண்டுமே. போன வாரம் அவன் கேட்டான்: "கோகழின்னா என்ன?" அவளுக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.